காதுமடலிலிருந்து மூக்குக்கு: எங்கள் மகளின் அறுவை சிகிச்சை

எங்கள் மகளுக்கு 6 வயதானபோது, தெருநாய் கடித்ததில் அவளது இடது மூக்கு மடலின் ஓரம் பிய்ந்து போனது. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (வெறிநாய்க்கடி நோய்க் கிருமியை உடனடியாக எதிர்க்கும் மருந்து) ஊசி, அடுத்தடுத்த தடுப்பூசித் தவணைகள் என்று உயிரைப் பற்றிய பயத்திலேயே அந்த நாள்கள் போயின. காயம் ஆறிய பின்னர்தான், தழும்பு சுருங்கி நாசித் துவாரத்தை மேலே இழுத்திருப்பதைக் கண்டோம்.

காதுமடலிலிருந்து ஒரு துண்டை எடுத்து அங்கே வைக்கலாம் என்று பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் சொன்னதும், நல்ல காதை ஏன் வெட்ட வேண்டும் என்றுதான் கேட்டேன். மூக்கு மடலுக்கு உள்ளும் புறமும் தோல் வேண்டும், மூச்சை இழுக்கும்போது மடங்காமல் இருக்க நடுவே விறைப்பும் வேண்டும்; வெறும் தோலை ஒட்டினால் அது சுருங்கிவிடும், காதுமடலிலோ இருபுறத் தோலும் இடையே குருத்தெலும்பும் சேர்ந்தே வளைந்திருக்கின்றன என்று அவர் பொறுமையாக விளக்கினார். காது குத்திய கீழ்மடலைத் தொடமாட்டார்கள், மடல் முகத்தோடு சேரும் மேற்பகுதியிலிருந்தே எடுப்பார்கள் என்று கேட்ட பிறகுதான் என் மாமியார் சம்மதித்தார்.

அந்தத் துண்டுக்குச் சொந்தமாக இரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து இரத்தம் ஊறி வந்தால்தான் அது பிழைக்கும் என்பதால், பெரிய துண்டாக வைக்க முடியாது; எங்கள் மகளுக்கு வைத்ததன் அகலம் 9 மில்லிமீட்டர். தழும்பை வெட்டி நீக்கி, குறையின் அளவுக்கு மாதிரி வெட்டி, சுருங்குவதற்கும் இடம் விட்டு எடுத்தார்கள்.

முதல் நாள் அது மெழுகு போல் வெளுத்திருந்தது. மறுநாள் நீலம் பாய்ந்து, மூன்றாம் நாள் கருநீலமானபோது, துண்டு அழுகிவிட்டது என்று நினைத்து வராந்தாவில் நின்று அழுதேன். இரத்தம் உள்ளே வரத் தொடங்கி, வெளியேறும் வழி இன்னும் அமையாததால்தான் அந்த நிறம் என்று இரவுப் பணியிலிருந்த செவிலியர் சொன்னார். இதை அறுவைக்கு முன்பே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் தூக்கத்தில் மூக்கைத் தொட்டுவிடாதபடி கைகளைப் பிடித்துக்கொண்டு நானும் என் கணவரும் முறைவைத்து விழித்திருந்தோம். ஆறாம் நாள் காலை ஓரத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது.

மேல்தோல் உரிந்து புதுத்தோல் வந்துவிட்டது. நிறத்தில் மட்டும் சிறு வேறுபாடு இருக்கிறது. காதில் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வளரும் வயதில் மூக்கின் இருபுறமும் ஒத்து வளர்கிறதா என்று பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் பின்னாளில் ஒரு சிறு திருத்தமும் செய்வார்களாம்.