நாட்குறிப்பு, டிசம்பர் 2024: சீட்டுக்கட்டும் குரங்கும்

13 டிசம்பர், வெள்ளி

நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் வீடியோ கேம் விருது விழாவான கேம் அவார்ட்ஸ் பார்த்தேன். வருஷத்தின் சிறந்த கேம் ஆஸ்ட்ரோ பாட். என்னிடம் பிளேஸ்டேஷன் இல்லை, அதனால் கருத்தும் இல்லை. ஆனால் நான் போனில் ஆடும் போக்கர் சீட்டு கேம் பலாட்ரோவுக்கு மூன்று விருது! கனடாவில் ஒற்றை ஆள் செய்தது. சாயங்காலம் தறிக்குடோன் வாசலில் கார்த்திகை விளக்கு வைக்கும்போதும் அதே நினைப்பு.

15 டிசம்பர், ஞாயிறு

இந்த வருஷம் ஏமாந்தது பிளாக் மித் வுகோங் என்ற குரங்கு வீரன் கேமில். 130 ஜிபி இடம் கேட்டது. தங்கச்சி கண்ணாலத்து வீடியோவைக்கூட பென்டிரைவுக்குத் தள்ளிவிட்டு, மூன்று ராத்திரி டவுன்லோட் போட்டேன். என் கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி, அது கேட்டதோ குறைந்தது 6. திக்கித் திணறியது என் தப்புதான், சரி. கோல் சண்டையும் அருமை. ஆனால் காடு திறந்து கிடப்பதுபோல் இருக்கும், ரெண்டு எட்டு விலகினால் கண்ணுக்குத் தெரியாத சுவரில் மூக்கு இடிக்கும். இடுப்பளவு பாறையில் ஏற முடியாதது என்ன குரங்கு?

சோனியின் ஆன்லைன் கேம் கான்கார்டு ஆகஸ்ட் 23 வந்து செப்டம்பர் 6 மூடியாயிற்று. எங்கள் ஊர் மாரியாத்தா நோம்பிக்கு நட்ட கம்பம்கூட அதைவிட ஒரு நாள் கூடுதலாக நிற்கும்.

19 டிசம்பர், வியாழன்

பாவு நூல் அறுந்தால் தறி நிற்கும். போனைக் கவிழ்த்துவிட்டு ஓடி முடி போட்டு, தறியை ஓட்டிவிட்டு வந்தால் பலாட்ரோ விட்ட இடத்திலேயே காத்திருக்கும். இந்த வேலைக்கு இதைவிடத் தோதான கேம் இல்லை.

ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ் சேர்ந்தால் 35 சிப், 4 மடங்கு. அதன்மேல் ஜோக்கர்கள் ஏற்றிவிடும் கணக்குதான் போதை. இன்று ஆட்டினாகவே சேர்த்து ஏழாவது கட்டம் வரை போனேன். அங்கே கட்டத்தின் கடைசியில் வரும் பாஸ், ஆட்டின் செல்லாது என்றான். முதலிலேயே காட்டியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மூன்று மணி வரை என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

22 டிசம்பர், ஞாயிறு

அம்மா போனை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏஞ்சாமி, ரம்மி ஆடறியா?"

"இல்லீங்மா, இதுல காசே இல்ல."

"காசில்லாம எவன் சீட்டாடுவான்?"

ரம்மியில் கடன்பட்டுத் தறியை விற்றவரை எங்கள் தெருவிலேயே பார்த்தவள், நம்பவில்லை. ஐரோப்பாவில் வயதுச் சான்று தரும் பெகியும் அம்மா கட்சிதான். சீட்டு இருப்பதால் சூதாட்டம் பழக்கும் என்று 18 போட்டது. பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஆட்டம் முழுக்கக் காட்டினேன். பாதியில் எழுந்து சோறு வடிக்கப் போய்விட்டாள்.

29 டிசம்பர், ஞாயிறு

வுகோங்கை அழித்தேன். கண்ணால வீடியோ பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ராத்திரி நூல் தார் சுற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "அந்த இஸ்பேட் ராணிய எதுக்குக் கட்டிட்டு அழுவற? கீழ போடு."

அப்புச்சி வீட்டுத் திண்ணையில் பார்த்துப் பழகிய சீட்டாம். போட்டேன். வரிசையாக ஐந்து சீட்டு, ஸ்ட்ரெய்ட் விழுந்தது. அதற்குள் நாலாம் தறி நின்றுவிட்டது.