சித்தியின் கைநாட்டு

பாம்பன் சின்னப்பாலத்தில் என் சித்தி முப்பது வருடமாகக் கடல்பாசி எடுக்கிறார். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பறித்துப் பறித்து ரேகையே தேய்ந்துவிட்டது. போன வாரம் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில், காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குப் புது மருந்து ஆய்வில் சேரச் சொல்லிக் கைநாட்டு கேட்டார்கள். மூன்று தடவை மை தடவியும் நீலத் திட்டுதான் விழுந்தது. தாளில் என்ன இருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை.

நான் வாங்கி வாசித்தேன். சித்தி கேட்டது ஒன்றுதான்: "வேண்டாம்னு சொன்னா வைத்தியம் பாக்க மாட்டாங்களாய்யா?"

பார்த்தே ஆகவேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவர் சங்கம் வகுத்த நெறிமுறை, 1964-இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனம், அதைத்தான் சொல்கிறது. 2024 அக்டோபரில் அதைத் திருத்தியபோது, ஆய்வுக்கு வருபவரை 'ஆய்வுக்கு உட்படுபவர்' என்பதை மாற்றிப் 'பங்கேற்பாளர்' என்றே குறிப்பிட்டார்கள். நம் நாட்டு 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி, படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத சாட்சி ஒருவர் சம்மதம் வாங்கி முடியும்வரை கூட இருக்கவேண்டும். தாளின் நகலையும் கையில் தரவேண்டும். எங்களுக்குச் சாட்சி யாரும் இல்லை, நகலையும் சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

ஆய்வே கூடாது என்று சொல்லவில்லை. நல்ல மருந்து வந்தால் பாறையில் கால் கிழித்துக்கொள்கிற எங்கள் ஊர்ப் பெண்களுக்குத்தான் முதலில் உதவும். அதனால்தான் மனசு பொறுக்கவில்லை.

சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் முடிவு சொல்லவில்லை. ராத்திரி மருமகளை உட்காரவைத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.