ஆர்தர் கதையை நாலு வால்யூமா எழுதின அனுபவம்

பிரிட்டனோட பழங்கதைகள்ல வர்ற ஆர்தர் ராஜா கதையை தமிழ்ல பெருசா, வால்யூம் வால்யூமா எழுதப்போறேன்னு சொன்னப்ப தெரிஞ்சவங்க எல்லாரும் கேட்டது எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும்னுதான். படிக்கிறது நிறையத்தான், ஆனா அது சந்தோஷமான வேலை. என்னை ரொம்ப காலம் ஒரே இடத்துல நிக்க வெச்சது எங்க வெட்டறதுங்கிற கேள்வி. முதல் வால்யூம் எங்க முடியணும், ரெண்டாவது எதுல ஆரம்பிக்கணும், யாரு எதுல வரணும். இதே மாதிரி பெரிய வேலை ஏதாவது எடுத்து வெச்சிருக்கிறவங்களுக்கு உதவும்னுதான் நான் போன வழியை எழுதறேன்.

பிறப்புல ஆரம்பிச்சு சாவுல முடிக்கலாம், அதுதான் எல்லாரும் பண்றது, வாள உருவறது முதல் வால்யூம், அவரு வீரர்கள் கூடி உக்கார்ற வட்ட மேஜை ரெண்டாவது, கிரெயில்ங்கிற புனிதப் பாத்திரத்தைத் தேடறது மூணாவதுன்னு போயிடலாம். ஆனா மூலநூல்களை வரிசையா படிச்சா அதுல ஒரே ஆர்தர் இல்லைங்கிறது சீக்கிரமே தெரிஞ்சிடும். 6ஆம் நூற்றாண்டுல எழுதின கில்டாஸ்ங்கிற துறவி, பிரிட்டன்காரங்க சாக்சன்களை ஜெயிச்ச பேடன் போரைப் பத்தி சொல்றாரு, ஆர்தர் பேரே எடுக்கல. 829, 830 வாக்குல வேல்ஸ்ல எழுதின லத்தீன் வரலாறு ஒண்ணுல ஆர்தர் ராஜாக்களோட சேந்து சண்டை போடற படைத்தலைவர், 12 போர் ஜெயிக்கிறாரு, கடைசி போர்ல தனி ஆளா 960 பேரை வீழ்த்தினாருன்னு இருக்கு. அதுக்கு 300 வருஷம் கழிச்சு, 1130கள்ல, ஜெஃப்ரி ஆஃப் மான்மத் எழுதறப்ப அதே ஆளு ரோமையே எதிர்க்கிற சக்கரவர்த்தி. இவங்க எல்லாரையும் ஒரே ஆளா ஒட்டி எழுதினா ஒவ்வொரு காலமும் அவரை எதுக்காக அப்படி மாத்துச்சுங்கிறது காணாமப் போயிடும், எனக்கு இந்தக் கதையில பிடிச்சதே அந்த மாற்றம்தான்.

அதனால வால்யூம்களை ஆர்தரோட வயசை வெச்சுப் பிரிக்காம மூலநூல்களோட வயசை வெச்சுப் பிரிச்சேன். ஒண்ணாவது வேல்ஸ் கதைகளும் பாட்டுகளும். ரெண்டாவது ஜெஃப்ரி, அவருக்குப் பின்னாடி வந்த வேஸ், லாயமன். மூணாவது பிரெஞ்சுக்காரங்க. நாலாவது 15ஆம் நூற்றாண்டுல இந்தக் கதைகளை ஆங்கிலத்துல தொகுத்து எழுதின தாமஸ் மாலரி. கூடவே ஒரு கட்டுப்பாடும் வெச்சுக்கிட்டேன், ஒரு வால்யூமோட காலத்துக்கு அப்புறம் வந்த எந்த சமாச்சாரமும் அதுக்குள்ள நுழையக்கூடாது. இதுக்காக ஒரு பெரிய எக்செல் ஷீட் போட்டேன், ஒரு வரிசைக்கு ஒரு பாத்திரம் இல்லன்னா ஒரு பொருள், பக்கவாட்டுல வருஷ வரிசையில மூலநூல்கள். வட்ட மேஜை 1155ல வேஸ்கிட்டதான் முதல்ல வருது, கல்லுல இருந்து வாள உருவற காட்சி 1200ஐ ஒட்டி ராபர்ட் த போரோன் பேர்ல வந்த மெர்லின் கதையில, ஆர்தரோட அரண்மனை இருக்கற காமலாட்டும் கிரெயிலும் 12ஆம் நூற்றாண்டு கடைசிப் பகுதியில கிரெத்தியன் த த்ருவா எழுதினதுல. அப்ப முதல் வால்யூம்ல மேஜையும் இல்ல, கல்லும் இல்ல, காமலாட்டும் இல்ல, ஆர்தரோட பேர்போன வீரன் லான்சலாட்டும் இல்ல. படிச்சுப் பாத்த நண்பர் ஒருத்தர் "லான்சலாட் எப்பங்க வருவாரு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. மூணாவதுலதான்னு சொன்னேன், அவருக்கு நம்பவே முடியல.

ஆனா முதல் வால்யூம்ல கிடைக்கிறது வேற எங்கயும் கிடைக்காது. ஆர்தரோட கூட்டாளி கேய்னு ஒரு ஆளு, பின்னாடி வர்ற பிரெஞ்சுக் கதைகள்ல அரண்மனையில எல்லாரையும் குத்திப் பேசிட்டு சண்டையில குதிரையில இருந்து விழறவரு. வேல்ஸ் கதை கில்ஹுக் ஓல்வென்ல பாருங்க, ஒன்பது ராத்திரி ஒன்பது பகல் தண்ணிக்கடியில மூச்சடக்கி இருப்பாரு, நினைச்சா காட்டுலயே உசரமான மரம் அளவுக்கு வளருவாரு, கொட்டற மழையிலயும் அவரு உடம்புச் சூட்டுல கையில பிடிச்சிருக்கிறது நனையாது, கூட்டாளிங்க குளிர்ல நடுங்கினா அந்தச் சூட்டுலதான் நெருப்பு மூட்டிக்குவாங்க. இந்த கேயை முழுசா நிக்க வைக்கணும்னா அவருக்குத் தனி வால்யூம் வேணும், மாலரியோட அடிக்குறிப்புல வைக்க முடியாது.

இன்னொருத்தன் மோர்ட்ரெட், வேல்ஸ்காரங்க பேச்சுல மெத்ராத். பழைய வேல்ஸ் ஆண்டுக்குறிப்புல 537ஆம் வருஷத்துக்கு நேரா ஒரே வரி, காம்லான் சண்டையில ஆர்தரும் மெத்ராதும் விழுந்தாங்கன்னு. அவ்வளவுதான். எதிரெதிரா நின்னாங்களா, ஒரே பக்கமான்னு அந்த வரி சொல்லல. 12ஆம் நூற்றாண்டு வேல்ஸ் புலவர்கள்ல சிலர் மெத்ராதோட குணத்தை நல்லவிதமாவே பாடறாங்க. ஜெஃப்ரி கையில அவன் ராஜ்ஜியத்தையும் ராணியையும் பிடுங்கின தங்கச்சி பையன், 13ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உரைநடைக் கதையில ஆர்தருக்கே தெரியாம சொந்தச் சகோதரிகிட்ட பொறந்த மகன். இந்த ஒரு ஆளை நாலு வால்யூம்லயும் நாலு விதமா எழுதினது எனக்கு இந்த மொத்த வேலையிலயும் ரொம்ப முக்கியமான பகுதி, அவன் கொஞ்சம் கொஞ்சமா கெட்டவனா ஆக்கப்படறதை வாசகர் கண்ணெதிர பாக்கணும்னு நினைச்சேன்.

நான் பிரிட்டன்லயே இருக்கறதால இடங்களைப் போய்ப் பாக்க முடிஞ்சுச்சு. கார்ன்வால் கடலோரம் டின்டாஜெல்ல இடிஞ்சு நிக்கிற கோட்டையைப் பாத்து இங்கதான் ஆர்தர் உருவானாருன்னு நினைக்கிறவங்க நிறைய பேரு, ஆனா அந்தக் கோட்டையை கார்ன்வால் பிரபு ரிச்சர்ட் கட்டினது 1230கள்ல, ஜெஃப்ரி கதை எழுதி ஏறக்குறைய 100 வருஷம் கழிச்சு. கதை இருந்ததாலதான் அங்க கோட்டையே வந்துச்சுன்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. கிளாஸ்டன்பரியிலயும் இதே மாதிரிதான், 1184ல மடம் எரிஞ்சுபோச்சு, திருப்பிக் கட்ட பணம் வேணும், 1191ல துறவிகள் தோண்டினப்ப ஆர்தர் கல்லறை கிடைச்சுதுன்னு சேதி பரவுது, 1278ல முதலாம் எட்வர்ட் ராணியோட வந்து அந்த எலும்புகளை மறுபடி அடக்கம் பண்ணி வெச்சுட்டுப் போறாரு. வின்செஸ்டர் மண்டபச் சுவத்துல ஆர்தரோட வட்ட மேஜைன்னு தொங்கற மேஜை 5.5 மீட்டர் அகலம், ஓக் மரம், மர வளையத்தைக் கணக்குப் பாத்து 13ஆம் நூற்றாண்டோட பின்பாதின்னு சொல்லிட்டாங்க, பச்சை வெள்ளை பெயின்ட் எட்டாம் ஹென்றி காலத்துல அடிச்சது, நடுவுல டியூடர் ரோஜா, 24 பேர் பேரு சுத்தி இருக்கு. மூணையும் போலின்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. ஒவ்வொரு வால்யூம் முடிவுலயும் அந்தந்தக் காலத்து மக்கள் இந்தக் கதையை வெச்சு என்ன பண்ணாங்கன்னு ஒரு அத்தியாயம் சேர்த்தேன், இதெல்லாம் அங்க போய் உக்காந்துச்சு.

வேல்ஸ் தேசிய நூலகம் கார்மார்தன் கருப்புப் புத்தகம்ங்கிற பழைய கையெழுத்துப் பிரதியோட ஒவ்வொரு பக்கத்தையும் இணையத்துல இலவசமா போட்டிருக்காங்க, பழைய வேல்ஷ்ல ஆர்தர் வர்ற பாட்டுகள் அதுல இருக்கு, மொழிபெயர்ப்பைப் பக்கத்துல வெச்சு வரிவரியா பாக்கலாம். வாரத்துல எந்த நாள் படிக்கறது, எந்த நாள் எழுதறதுன்னு பிரிச்சு வெச்சுக்கோங்க, இல்லன்னா படிப்பு மட்டுமே ஓடும். பிரெஞ்சு வால்யூமுக்கு மோர்ட்ரெட்டை மகனாக்கின அந்த 13ஆம் நூற்றாண்டு உரைநடைக் கதைகளோட தொகுப்பு ஒண்ணே பல வருஷம் முழுங்கிடும், அதுல லான்சலாட் பகுதி மட்டும் கடல் மாதிரி. எனக்கு வேண்டிய இழைகளை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததை விட்டேன்.

நாலாவது வால்யூமுக்கு வந்தப்ப தெரிஞ்சுச்சு, எங்க வெட்டறதுங்கிற இதே சிக்கல் மாலரி புத்தகத்துக்கே இருந்திருக்குன்னு. அவரு சிறையில இருந்து எழுதினவரு, 1469, 70 வாக்குல முடிச்சாரு. 1485ல இங்கிலாந்தோட முதல் அச்சுக்காரர் கேக்ஸ்டன் அச்சடிச்சப்ப 21 புத்தகமா, 507 அத்தியாயமா பிரிச்சுப் போட்டாரு, 450 வருஷமா உலகம் அதைத்தான் மாலரின்னு படிச்சுது. 1934ல வின்செஸ்டர் பள்ளியில ஒரு கையெழுத்துப் பிரதி கிடைச்சுச்சு, அதோட ஃபோட்டோ பதிப்பை நூலகத்துல உக்காந்து பக்கம் பக்கமா பாத்தேன், பேருங்க எல்லாம் சிவப்பு மை, கதைங்க முடியற இடத்துல மாலரியே தன்னைச் சிறைப்பட்ட வீரன்னு சொல்லிக்கிற வரிகள், கேக்ஸ்டன் எடுத்துட்ட வரிகள். அந்தப் பிரதியில கேக்ஸ்டனோட அச்செழுத்து மை படிஞ்ச தடம் இருக்கு, அதாவது அது அவரு பட்டறையிலயே கிடந்திருக்கு. 1947ல ஆய்வாளர் வினாவேர் அந்தப் பிரதியை வெச்சுப் பதிப்பிச்சப்ப இது ஒரே நூல் இல்ல, எட்டு தனித்தனிக் கதைன்னு சொன்னாரு, பெரிய விவாதமாச்சு. நான் வெட்டு விஷயத்துல பிரதி பக்கம்தான், மாலரி எங்க நிறுத்தி மூச்சு விட்டாரோ அங்கதான் என் பகுதிகளும் முடியுது. ஆனா எட்டும் தனித்தனிங்கிறதை மட்டும் ஒத்துக்க முடியல, முதல் கதையில விதைச்ச சகோதரச் சண்டை கடைசிக் கதையிலதான் வெடிக்குது.

பதிப்பகத்துல ஒரே புத்தகமா சுருக்கித் தரச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டு வேற இடத்துல பேசினேன், ஒவ்வொண்ணா கொண்டுவர ஒத்துக்கிட்டாங்க. முதல் ரெண்டு வந்தாச்சு, மூணாவது ப்ரூஃப்ல இருக்கு. அந்த எக்செல் ஷீட்டைப் பெயரகராதியா மாத்தி நாலாவதோட பின்னாடி சேர்க்கறேன், கேய்னு தேடினா நாலு வால்யூம்லயும் அவரு எந்தெந்தப் பக்கத்துல, எந்த மூலநூல்ல இருந்து வர்றாருன்னு அதுல இருக்கும்.