1.4

“இந்தத் தண்ணிய குடிக்கலாமா சார்?” என்று அந்த அம்மா கேட்டார். “அளவுக்குள்ளதான்மா இருக்கு” என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் அளவைக் கேட்கவில்லை.

2011 கோடை, பென்னாகரம் பக்கம். அந்த அடிபம்பில் முன்பு எடுத்த மாதிரியின் முடிவு கையில் இருந்தது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.4 மில்லிகிராம். இந்தியத் தரநிலையில் இதற்கு இரண்டு எண்கள் உண்டு. விரும்பத்தக்கது 1. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். 1.4 அடங்கிவிட்டது, நானும் அடங்கிவிட்டேன்.

அவர் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. பக்கத்தில் நின்ற பெரியவள் சிரித்தபோது முன்பல்லில் காவிக் கறை. பல்லைப் பார்த்தே எந்த ஊர்ப் பம்பு என்று சொல்லிவிடலாம் என்று ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கேலி பேசியதுண்டு. இப்போது நினைத்தால் கூசுகிறது. “இவளுக்கும் இப்படி ஆயிடுமா?” என்று சின்னவளைக் காட்டிக் கேட்டார். நான் பாட்டிலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏதாவது சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை.

எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்தக் கறை பல் முளைத்த பிறகு பிடிப்பதல்ல. ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், தண்ணீரோடு உள்ளே போன ஃபுளோரைடு செய்யும் வேலை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். வீட்டில் களி கிண்டுவதும் அந்தத் தண்ணீரில்தான். வெயிலில் காட்டு வேலை செய்கிறவர் நாளுக்கு எத்தனை சொம்பு குடிப்பார்? 1.4 என்பது லிட்டருக்கு, ஆளுக்கு இல்லை.

சரி, வேறென்ன சொல்லியிருக்க முடியும்? குடிக்காதீங்க என்றால் எங்கே போவார்? காவிரித் தண்ணீரை அந்தப் பக்கம் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பயமுறுத்திவிட்டு ஜீப்பில் ஏறிப் போவது மட்டும் என்ன யோக்கியம்? அளந்து சொல்வது என் வேலை, முடிவெடுக்க மேலே ஆட்கள் இருக்கிறார்கள். இப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்ச நாளைக்குத் தாங்குகிறது.

அப்புறம் அந்த ‘வேறு நீராதாரம் இல்லாத இடத்தில்’ வந்து நிற்கும். வரும் வழியில் ஆழமில்லாத ஒரு திறந்த கிணறு இருந்தது. போர்வெல்லைவிட அதில் ஃபுளோரைடு குறைவாக இருக்க வாய்ப்புண்டு. பட்டியலில் அது இல்லை, அதனால் எடுக்கவில்லை. பையில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில் மிச்சம் இருந்தது. கிணற்றில் இலையும் புறா எச்சமும் மிதந்தன. அதைக் குடித்துக் குழந்தைக்கு வாந்திபேதி வந்திருந்தால்? அந்தப் பயமும் நியாயம்தான். ஆனால் கிருமிக்கு பிளீச்சிங் பவுடர் இருக்கிறதே, ஃபுளோரைடுக்கு அது ஒன்றும் செய்யாதே என்றும் தோன்றும்.

படிவத்தில் ‘மாற்று நீராதாரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. முதல் வரியில் யாரோ ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, என் கையெழுத்தில், ‘மேற்படி’.