குஸ்குஸ் சாலட்: தண்ணீர்க் கணக்கு

மார்ச் 4

அளவு: குஸ்குஸ் (கோதுமை ரவையில் உருட்டிய சிறு மணிகள், பொட்டலத்தில் வரும் உடனடி வகை) 1 கப் (சுமார் 175 கிராம்), கொதிநீர் 1 கப் (240 மி.லி.), உப்பு அரைத் தேக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 1 மேசைக்கரண்டி. பல பொட்டலங்களில் ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீர் என்று போட்டிருக்கும். சூடாகப் பரிமாற அது சரி. சாலடுக்குக் கூடுதல். பிறகு வந்து சேரும் எலுமிச்சைச் சாற்றையும் காய்களின் நீரையும் உறிஞ்சக் குஸ்குஸ் மணிகளுக்குள் இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

முதலில் எண்ணெயை உலர்ந்த மணிகளில் விட்டுப் பிசறவும். உப்பைத் தண்ணீரில் போட்டுத் தளதளவென்று கொதித்ததும் ஊற்றி, ஒரே ஒரு தடவை கிளறி, இறுக மூடவும். அடுப்பே வேண்டாம். 5 நிமிடம் கழித்து முள்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கிளறி உதிர்க்க வேண்டும். சாதாரணக் கரண்டி என்றால் மணிகள் நசுங்கிவிடும்.

மார்ச் 5

பெயரில் ஒரு குழப்பம் உண்டு: கசகசாவுக்கும் குஸ்குஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது டியூரம் கோதுமை ரவையில் நீர் தெளித்து உருட்டிய மணி. வட ஆப்பிரிக்காவில் அடுக்குப் பாத்திரத்தின் கீழ்த்தட்டில் காயும் கறியும் கொதிக்க, மேல்தட்டில் இரண்டு மூன்று முறை ஆவியில் வேகவைப்பார்கள். பொட்டலத்தில் வரும் உடனடி வகை முன்பே ஆவியில் வெந்து உலர்ந்தது. ஊறவைத்தாலே போதும் என்பது அதனால்தான். மிளகளவில் இருக்கும் முத்துக் குஸ்குஸ் வேறு வகை. அதைக் கொதிநீரில் 8 முதல் 10 நிமிடம் வேகவைக்காமல் முடியாது.

மார்ச் 7

கட்டி தட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான்: ஊறிய பிறகு கிளறாமல் அப்படியே விட்டது. சூடு இறங்க இறங்க மாவுச்சத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரல்களில் துளி எண்ணெய் தொட்டு உதிர்த்தால் பிரியும். நடுவில் நறுக்கென்றிருந்தால் தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை, அல்லது மூடி இடைவெளி விட்டிருக்கிறது. 2 மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து இன்னும் 3 நிமிடம் மூடலாம். குழைந்துபோனதைத் தட்டில் பரப்பி ஆறவிட்டால் ஓரளவு தேறும், முழுதாக மீளாது.

மார்ச் 10

தழைகள். பொடியாக நறுக்கிய அளவில் பார்ஸ்லி 1 கப், புதினா கால் கப், கொத்தமல்லி கால் கப். அதிகமாகத் தோன்றும், ஆனால் இதற்குக் குறைந்தால் அது வெறும் குஸ்குஸ், அவ்வளவுதான். கழுவியபின் துணியில் உருட்டி ஈரத்தை முழுக்க எடுக்கவும். ஈர இலையைக் கத்தி நறுக்காது, நசுக்கும். பலகையில் பச்சைச் சாறுதான் மிஞ்சும். கொத்தமல்லியின் மெல்லிய காம்பைச் சேர்க்கலாம், பார்ஸ்லியின் தடித்த காம்பு நார்நாராக இருக்கும். புதினா வெட்டுப்பட்ட இடத்தில் சீக்கிரம் கறுக்கும், ஆகவே கடைசியில். மணிகள் நன்றாக ஆறும்வரை எந்தத் தழையும் உள்ளே போகக் கூடாது.

மார்ச் 11

வெள்ளரிக்காயும் தக்காளியும் விதைப்பகுதி நீக்கி, சிறு துண்டுகளாக. வெள்ளரியில் சிட்டிகை உப்பு தூவி 10 நிமிடம் வைத்துப் பிழியவும். அந்த நீர் கிண்ணத்தின் அடியில் தேங்குவதைவிட இப்போதே வெளியேறட்டும். கலவைச் சாறு: ஆலிவ் எண்ணெய் 3, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் கொஞ்சம். முதலில் மணிகளில் பாதிச் சாறு. 10 நிமிடம் கழித்துக் காய், தழை, மீதிச் சாறு.

மார்ச் 14

மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். ஆனால் புளிப்புப் பட்ட தழை மறுநாளே பழுப்பேறும். முன்கூட்டிச் செய்வதானால் தழையைத் தனியே வைப்பது மேல். குளிரில் மணிகள் சற்று விறைக்கும், உப்பும் புளிப்பும் மங்கலாகத் தெரியும். 15 நிமிடம் வெளியே வைத்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு பிழிந்து கிளறி, அதன்பிறகே உப்பு பார்க்கவும்.