மதர்போட்டை மாற்றாமலே எழுந்த மடிக்கணினி

என் மடிக்கணினியின் பயாஸை, அதாவது கணினியை எழுப்புவதற்கு முதலில் ஓடும், மதர்போட்டின் ஒரு சிறு சிப்பில் இருக்கும் நிரலைப் புதுப்பித்துப் பாதி வழியில் இருந்தபோது கொழும்பு வெள்ளவத்தையில் மின்சாரம் நின்றது. 62 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பற்றரி, சார்ஜரின் துணை போன மறுகணமே விழுந்துவிட்டது. பழைய பற்றரி காட்டும் சதவீதத்தை நம்பி இந்த வேலையில் இறங்கவே கூடாது. மின்சாரம் வந்தபின் பொத்தானை அழுத்தினால் விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. கெப்ஸ் லொக் விளக்கு இரண்டு முறை மின்னி, சற்று நின்று, மறுபடி இரண்டு முறை மின்னியது. உயர்தர வகுப்புகளுக்காகப் பதினொரு ஆண்டுகள் இருந்து எழுதிய இரசாயனவியல் குறிப்புகள் முழுவதும் அதற்குள் இருந்தன.

பென்டிரைவ் மூலம் பயாஸை மீட்கும் வழியை முதலில் முயன்றேன். ஹெச்பி இயந்திரங்களில் விண்டோஸ் விசையையும் பீ விசையையும், டெல் இயந்திரங்களில் கொன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் அழுத்திப் பிடிப்பதுபோல ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு முறை உண்டு. என்னிடமிருந்த 64 ஜிபி பென்டிரைவ் எக்ஸ்ஃபெட் என்ற கோப்பமைப்பு வடிவில் இருந்தது. இதற்கு வேண்டியதோ ஃபெட்32. பக்கத்து வீட்டில் 8 ஜிபி ஒன்றை வாங்கி வந்து மீண்டும் செய்தும் பயனில்லை. மீட்பை நடத்தும் நிரலும் பயாஸ் இருக்கும் அதே சிப்பில்தான் இருக்கிறது என்பதும், அந்தப் பகுதியே அழிந்திருந்தால் எந்த விசையும் உதவாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

மறுநாள் பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பரிசோதனைக் கட்டணம் 2,500 ரூபா, திருப்பித் தரப்படமாட்டாது என்று துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் வந்த பதில் ஒரே வரி: "போட் போயிட்டுது சேர், மாத்தத்தான் வேணும், 95,000 வரும்." பயாஸ் சிப்பை வாசித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படியான வேலை தாங்கள் செய்வதில்லை என்றார் பேசியவர். டிஸ்க்கையும் ஃபோமட் செய்து தரலாம் என்று அவர் தாமாகவே சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறியது. எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கினால் கடை பூட்டிக் கிடந்தது, அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. நாட்காட்டியைப் பார்க்காதது என் பிழைதான் என்றாலும், முதல் நாள் பேசியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த நாள் இயந்திரம் கைக்கு வந்தபோது அடிமூடியில் இரண்டு திருகாணிகளைக் காணவில்லை. கேட்டதற்கு, வரும்போதே இல்லை என்றார்கள். கையளிக்கும் முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் படம் இல்லாததால் மேலே பேச வழியில்லாமல் போயிற்று.

என்னிடம் முன்பு படித்த மாணவி ஒருத்தி சொல்லித்தான் வெள்ளவத்தையிலேயே ஓர் ஒழுங்கையில், மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு வேலை செய்யும் தம்பியிடம் போனேன். அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். பிறகு உருப்பெருக்கியால் சிப்பின் மேலிருந்த எழுத்தைப் படித்தார்: வின்பொண்ட் 25கியூ128 வகை, எட்டுக் கால்கள், 16 மெகாபைட். "இது 3.3 வோல்ட், சேர். 1.8 வோல்ட் சிப்புக்கு இதே கருவியை அப்படியே குடுத்தா எரிஞ்சு போகும்" என்று சொல்லிக்கொண்டே, சிப்பின் மூலையில் உள்ள சிறு குழியோடு கிளிப்பின் சிவப்புக் கம்பியை ஒத்துப்பார்த்துப் பொருத்தினார். சிப்பை வாசித்து எழுதும் அந்தக் கருவி எல்லோரும் பாவிக்கும் சீஎச்341ஏ தான். அதன் கறுப்புப் பலகை தரவுக் கம்பிகளில் 5 வோல்ட்டை அனுப்பிவிடும் என்பதால், அதைத் திருத்தி வைத்திருந்தார்.

புதிதாக எழுதுவதற்கு முன் சிப்பில் இருந்ததை அவர் வாசித்தார். முதலிரு வாசிப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கிளிப் ஒரு காலில் சரியாகப் பிடித்திருக்கவில்லை. துடைத்து மறுபடி மாட்டியபின் மூன்று வாசிப்புகள் ஒரே மாதிரி வந்தன. அப்போதுதான் சிப் உயிரோடு இருக்கிறது, உள்ளே இருந்த எழுத்துத்தான் சிதைந்திருக்கிறது என்று சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்க நான் ஒன்பது நாட்கள் காத்திருந்தேன்.

இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த கோப்பை இறக்கி அப்படியே எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இயந்திரத்தின் வரிசை இலக்கமும் விண்டோஸ் உரிமத் திறவுகோலும் போய்விடக்கூடும், ஏனென்றால் அவையும் அதே சிப்பில்தான் இருக்கின்றன. இவர் தயாரிப்பாளரின் புதுப்பிப்புக் கோப்பைப் பிரித்தார். அது 16,779,264 பைட் இருந்தது. சிப்பின் கொள்ளளவோ 16,777,216. முன்னால் ஒட்டியிருந்த 2,048 பைட் தலைப்பை வெட்டியெடுத்தபின், என் இயந்திரத்துக்கே உரிய பகுதிகளை முன்பு சிப்பிலிருந்து வாசித்த நகலிலிருந்து எடுத்து அதில் பதித்தார். எழுதிச் சரிபார்க்க ஐந்தாறு நிமிடம். பொத்தானை அழுத்தியதும் திரை மீண்டும் கறுப்பாகவே நின்றது. தானாக அணைந்து தானாகவே எழுந்தது. "கை வைக்காதேங்கோ சேர்" என்றார். மூன்றாம் நிமிடத்தில் தயாரிப்பாளரின் சின்னம் வந்தது.

ஆனால் அடுத்து வந்தது டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் நீலத் திரை: 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டது. நான் பிட்லொக்கரை ஒருநாளும் போட்டதில்லை. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு அமைத்த விண்டோஸ் 11 அதைத் தானாகவே போட்டிருந்தது. பயாஸ் மாறியதைக் கண்ட டீபீஎம், அதாவது அந்தப் பூட்டின் திறவுகோலைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி, பூட்டைத் திறக்க மறுத்தது. திறவுகோல் என் கணக்கில் இருந்தது, ஆனால் கணக்குக்குள் நுழைவதற்கான குறியீடு நான் கைவிட்ட பழைய தொலைபேசி இலக்கத்துக்குப் போனது. நல்லவேளையாக இன்னொரு மின்னஞ்சலும் பதிவாகியிருந்தது. கணக்கில் இரண்டு திறவுகோல்கள் இருந்தன. திரையில் காட்டிய அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதைப் பிடித்தேன். 95,000 ரூபா கொடுத்து போட்டை மாற்றியிருந்தாலும் இதே திரைதான் வந்திருக்கும், ஏனென்றால் டீபீஎம்மும் போட்டோடு போய்விடும். பயாஸைத் தொடும் முன் பிட்லொக்கரை இடைநிறுத்துங்கள், அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதுங்கள்.

அவர் கேட்டது 6,000 ரூபா. புதிய பற்றரியும் அவரிடமே போட்டேன், காணாமற்போன திருகாணிகளுக்கு வேறு இரண்டு தேடிப் பூட்டித் தந்தார். திருத்திய 16 மெகாபைட் நகலை அந்த 8 ஜிபி பென்டிரைவிலேயே பதிந்து கொடுத்தார். பக்கத்து வீட்டாருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். நகல் உள்ள அந்தப் பென்டிரைவ் இப்போது 48 இலக்கம் எழுதிய தாளோடு ஒரே உறைக்குள், அலுமாரியில் பிறப்புச் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.