படபடப்பா? முதலில் குத்திப் பாருங்கள்

சர்க்கரை நோயாளிக்குக் கை நடுங்கினால் வீட்டில் எல்லாரும் சர்க்கரை டப்பாவைத்தான் தேடுவார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுக் காத்துக் கிடந்த நேரம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வானமோ இருட்டிக்கொண்டு நின்றது. சர்க்கரை நோயாளியான எனக்குத் திடீரென நெஞ்சு அடித்துக்கொண்டது, வியர்த்துக் கொட்டியது, வாயைச் சுற்றி மரத்துப் போனது. 'லோ சுகர்' என்று சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அடங்கியது. அதன்பிறகு அடிக்கடி வந்தது, ஒவ்வொரு முறையும் அதே வைத்தியம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் தங்கைதான் கேட்டது: "படபடப்பு வரும்போது விரலில் குத்திச் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தீர்களா அண்ணா?" அடுத்த முறை பார்த்தோம். மீட்டரில் 168. எழுபதுக்குக் கீழே போனால்தானே தாழ்வு!

இ.சி.ஜி., தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட்டு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். (மச்சான் ஒருவர் இன்றுவரை அதை 'நரம்பு டாக்டர்' என்றே ஊரில் சொல்லி வருகிறார்.) எனக்கு வந்தது பயத்தால் வரும் படபடப்பு; சர்க்கரை இறங்கினாலும் பயம் வந்தாலும் உடம்பு சுரப்பது அதே அட்ரினலின்தான், அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன என்று டாக்டர் விளக்கினார். அந்த அட்ரினலின் கல்லீரலில் இருக்கும் சர்க்கரையையும் ரத்தத்தில் இறக்கிவிடுமாம். அதற்குமேல் நான் வேறு கரைத்துக் குடித்திருக்கிறேன். வாய் மரத்தது, வேகவேகமாக மூச்சு வாங்கியதால். படபடப்பை உடனே அடக்கும் மாத்திரை சில உண்டு. அவை தாழ்சர்க்கரையின் அறிகுறியையும் மறைத்துவிடும் என்பதால் எனக்கு வேண்டாம் என்றுவிட்டார். கொடுத்தது எஸ்சிட்டலோப்ராம் என்ற, பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை. முதலில் வயிற்றைப் புரட்டியது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின. நானாக நிறுத்தக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுகிறார்கள்.

இப்போதும் எப்போதாவது வருகிறது. குத்திப் பார்ப்பேன்; சரியாக இருந்தால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டு உட்கார்ந்திருப்பேன். மீட்டர் கையில் இல்லையென்றால் சர்க்கரையைச் சாப்பிட்டுவிடுவதே பத்திரம் என்பதும் டாக்டர் சொன்னதுதான். போன நடவின்போது சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனது. அன்றைக்கும் அதே நடுக்கம், ஆனால் மீட்டரில் 62. குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி கழித்து மறுபடி குத்திப் பார்த்து, சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வயலில் இறங்கினேன்.